வெறுங்கையோடு வந்த ஞாயிறுகள்

மீன் பிடிக்கப் போனவன் வெறுங்கையோடு திரும்பினால் எங்கள் ஊர் ஜெலுத்தோங்கில் அதற்கு இரண்டே அர்த்தம்தான். ஒன்று, அவனுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. இல்லையென்றால், அவன் மீன் பிடிக்கவே போகவில்லை. பிடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறவன் என்று மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு என்று சொல்லிப் பாருங்கள், பசாரில் மீன் வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். சிவநேசன் அந்த மூன்றாவது ரகம். யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத மனிதர். ஆனால் தீங்கு செய்யாமல் இருப்பது மட்டுமே குடும்பத்துக்குப் போதும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில், ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. மைக்ரோஸ்கோப் வழியாகச் சின்னஞ்சிறு பாகங்களைப் பார்த்து, கீறல் விழுந்ததை ஒதுக்க வேண்டும். முடியிழை போன்ற கீறலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கண்ணுக்கு எதிரே மலை போல் இருப்பது தப்பிவிடும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அவர் சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், இயந்திரங்களைப் பொருத்துவதற்காக ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். டீ நேரத்தில் அந்த மனிதருக்கு ஒரே பேச்சுதான். அவர் ஊரில் பனி உருகி வசந்தம் பிறந்ததும் மலையாற்றில் முழங்கால் அளவு இறங்கி நின்று டிரவுட் மீனுக்குத் தூண்டில் போடுவாராம். புழு கிடையாது, இறால் கிடையாது. இறகையும் நூலையும் தூண்டில் ஊசியில் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டி, அதைத் தண்ணீரின் மேல் பறக்கவிட்டு இறக்குவாராம். தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தில் வைத்து அந்த வீச்சைச் சிவநேசனுக்குக் கற்றுக்கொடுத்தார். ஊருக்குத் திரும்பும்போது தன் தூண்டில் கம்பையும் கொடுத்துவிட்டு, "பிடித்ததை விட்டுவிடு" என்று ஒரே ஒரு புத்தி சொன்னார். சிவநேசன் அதை மந்திர உபதேசம் மாதிரி பிடித்துக்கொண்டார்.

டிரவுட் மீனை அவர் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. நம் பக்கத்து மலையாறுகளில் அது கிடையாது. இங்கே இருப்பது கெலா. செதில் ஒவ்வொன்றும் தேய்த்து வைத்த பித்தளை நிறத்தில் இருக்கும். மாட்டினால் லேசில் வராது. நமக்கு வசந்தமும் கிடையாது. தைப்பூசம் முடிந்து பங்குனி முடிகிற வரை மழை ஓய்ந்து ஆறு தெளிந்து கிடக்குமே, அதுதான் அவருக்கு வசந்தம். ஞாயிறு விடியும் முன் பழைய காடியை ஓட்டிக்கொண்டு பாலம் தாண்டி, பிறை தாண்டி, பாலிங்குக்கும் அப்பால் போய், தார்ச்சாலை முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடப்பார். அங்கே கைப்பேசி வேலை செய்யாது. இருட்டுகிற நேரத்தில் வீடு திரும்புவார். கை வெறுங்கை.

ஏன் போனார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. நான் சொல்கிறேன். மீனை ஈரக்கையால் பிடித்து, ஊசியை எடுத்துவிட்டு, ஓட்டத்துக்கு எதிராகத் தலையைத் திருப்பிச் சற்று நேரம் தண்ணீருக்குள் வைத்திருப்பார். மூச்சு திரும்பியதும் அது ஒரு உதறு உதறிப் போய்விடும். அந்த ஒரு நொடிக்காகத்தான். தொழிற்சாலையில் அவர் கைக்கு வருவதெல்லாம் ஒன்று தேறும், இல்லை குப்பைக்குப் போகும். வீட்டில் அவர் என்ன செய்தாலும் அதில் ஒரு குறை இருக்கும். தன் கையை விட்டுப் போவது நல்லபடியாகப் போகிறது என்ற நிறைவு அவருக்கு அந்த ஆற்றில் மட்டும்தான் கிடைத்தது. அது பெரிய சந்தோஷம். அதைப் பற்றி மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் குறைந்துவிடுமோ என்று பயந்தார் போல.

மனைவி லோகேஸ்வரி, வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். நாலாவது மாடியில் அவர்கள் வீடு. ஹாலில் பாதியைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்டிருக்கும். இறகுத் தூசி துணியில் ஒட்டுகிறது என்று அவள் ஒருநாள் கத்தியதிலிருந்து சிவநேசன் பூச்சி கட்டும் வேலையைத் தொழிற்சாலை ஓய்வறைக்கு மாற்றிக்கொண்டார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் சாலையில் காவடிகளிலிருந்து உதிரும் மயிலிறகைப் பொறுக்கி வைத்துக்கொள்வார். நூலுக்கு லோகேஸ்வரியின் தையல் டப்பா. முடிச்சு அவிழாமல் இருக்கத் தலைப்பகுதியில் ஒரு சொட்டு நகப்பூச்சு. அதிலும் சிவப்புதான் வேண்டும். ஆற்றோரத்துச் செம்பனைப் பழம் தண்ணீரில் விழுந்து விழுந்து, அதைத் தின்று பழகி, சிவப்பு என்றாலே கெலாவுக்கு உயிர்.

சனியன் அந்தச் சிவப்பு பாட்டிலில்தான் வந்தது.

இந்த வருடம் தைப்பூசம் கழிந்த வாரம், சேறு நாறுகிறது என்று அவருடைய பையைத் துவைக்க எடுத்தாள் லோகேஸ்வரி. உள்பையில் நகப்பூச்சு இருந்தது. பாதி தீர்ந்த பாட்டில். அவள் வாழ்நாளில் நகத்துக்குப் பூச்சு போட்டவள் இல்லை. மகள் காமினியோ கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். வேறு ஒருத்தியாக இருந்தால் அன்றைக்கே மூஞ்சியில் எறிந்து கேட்டிருப்பாள். லோகேஸ்வரி கேட்கவில்லை. பாட்டிலைக் குளிர்பெட்டியின் மேல், அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். பார்க்கட்டும், முகம் வெளுக்கட்டும், அவராகவே வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.

சிவநேசன் பார்த்தார். 'அட, இங்கேயா இருக்கிறது' என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அந்த ஞாயிறும் ஆற்றுக்குப் போனார்.

ஒரு மனிதன் இதைவிடத் தெளிவாகத் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள முடியாது.

அன்று மாலை அவர் திரும்பியபோது லோகேஸ்வரி விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"யாருங்க அவ?" என்றாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது இரண்டாவது தப்பு. நகப்பூச்சு மீனுக்கு என்று விளக்கினார்.

"மீனுக்கு நகப்பூச்சா? இத்தன வருஷமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போறீங்க. ஒரு நெத்திலி இந்த வீட்டுக்கு வந்திருக்கா? கேட்டா, புடிச்சு விட்டுட்டேன்னு சொல்றீங்க. நானும் நம்பிக்கிட்டு இருந்தேன் பாருங்க."

அவர் கைப்பேசியை எடுத்துப் படங்களைக் காட்டினார். இரண்டு கையாலும் மீனை ஏந்திக்கொண்டு ஆற்றில் நிற்கிற சிவநேசன். அவள் வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"ரெண்டு கையிலயும் மீனு இருக்கு. அப்ப படம் யாரு எடுத்தா?"

"பாறை மேல வெச்சுட்டு, தானா எடுக்கற மாதிரி செட் பண்ணுவேன் லோகா."

"பாறை எடுத்துச்சா? பொய்யி. சும்மா போஹோங் அடிக்காதீங்க."

"சரி, அடுத்த வாரம் நீயும் என்கூட வா. வந்து பாரு."

"இத்தன வருஷத்துல ஒரு நாள் கூப்பிட்டிருக்கீங்களா? இப்ப மாட்டிக்கிட்டதும் கூப்பிடுறீங்க." சொல்லிவிட்டு அழுதாள். அவர் தான் கட்டிய பூச்சிகள் இருந்த பெட்டியைத் திறந்து நீட்டினார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

அதோடு அந்த வீட்டில் பேச்சு நின்றது. அவர் படுக்கையைக் காமினியின் அறைக்கு மாற்றிக்கொண்டார். காலையில் அவள் எழும் முன் கிளம்பி, மூன்று வேளையும் வெளியிலேயே தின்றுவிட்டு வந்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? லோகேஸ்வரியின் அண்ணன் மோகனராஜ் ஒருநாள் வந்து உட்கார்ந்தார். பட்டர்வொர்த்தில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். குரல் எப்போதும் பட்டறைச் சத்தத்துக்கு மேலேதான் இருக்கும்.

"மாப்ள, நானும் தூண்டில் போடற ஆளுதான் லா. கடல்ல புடிச்சா கறிக்குக் கொண்டாருவேன். விடுறதுக்குன்னு எவனாச்சும் புடிப்பானா? அவ்ளோ பெட்ரோல் ஊத்தி, அவ்ளோ தூரம் போயி? பச்சப் புள்ளகிட்ட சொன்னாலும் நம்பாது. நெருப்பில்லாம புகையாது மாப்ள."

"மச்சான், சத்தியமா அப்படி ஒன்னும் இல்ல."

"அப்ப ஒரே ஒரு மீனு கொண்டாந்து காட்டுங்க. நான் வாய மூடிக்கிட்டு என் வேலையப் பாக்கறேன்."

மச்சான் பேச்சைச் சிவநேசன் பொருட்படுத்தவில்லை. அவரை உடைத்தது அதற்கு மறுநாள் வந்த போன். காமினி கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டாள். வளர்ந்த பெண், நிதானமாகப் பேசினாள்.

"அப்பா, உண்மைய சொல்லிடுங்க. நான் கோவப்பட மாட்டேன்."

கோபப்பட மாட்டேன் என்கிறாள். அப்படியென்றால் முடிவே செய்துவிட்டாள். தன் வாயிலிருந்து வருகிற எந்த வார்த்தைக்கும் அந்த வீட்டில் இனி மதிப்பில்லை என்று சிவநேசனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மீன் வந்தால் நம்புவார்கள் என்றால் வரட்டும். லோகேஸ்வரி அவரைப் பழையபடி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

பங்குனியின் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஆற்றுக்குப் போனார். ஆழமான மடு ஒன்று உண்டு. அங்கே மேல்துடுப்பில் ஒரு துண்டு இல்லாத கெலா ஒன்று இருந்தது. சில வருடப் பழக்கம். அவரிடம் பலமுறை மாட்டி, பலமுறை போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சற்றுக் கனத்துத் திரும்பி வரும். அன்றைக்கு வேறு ஏதாவது சின்ன மீன் மாட்டாதா என்று அவர் வேண்டிக்கொண்டது உண்மை. தெய்வத்துக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. மூன்றாவது வீச்சில் கம்பு வளைந்தபோதே அதுதான் என்று அவர் கைக்குத் தெரிந்துவிட்டது.

வெகுநேரம் இழுபட்டுக் கரைக்கு வந்தது. ஈரக்கையால் வயிற்றைத் தாங்கினார். துள்ளவில்லை. அவர் கையில் சும்மா கிடந்தது. இந்தக் கை விட்டுவிடும் என்று அதற்குப் பழகியிருந்தது. விட்டுவிடலாம், போய் மச்சான் காலிலேயே விழுந்துவிடலாம் என்றுகூடச் சிவநேசனுக்குத் தோன்றியது. பிறகு காமினியின் நிதானமான குரல் ஞாபகம் வந்தது. பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்தார்.

மீனைப் பிடித்தால் முதலில் ஊசியை எடுப்பார். அன்று அதற்குக் கை வரவில்லை. நூலை வெட்டினார். ஊசியும் பூச்சியும் அதன் வாய்க்குள்ளேயே இருக்க, ஐஸ் பெட்டியில் வைத்து மூடினார். திரும்புகிற வழியெல்லாம் வண்டியில் ரேடியோகூடப் போடவில்லை.

நாலு மாடி ஏறி வந்தபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே சாம்பிராணி வாசம். மோகனராஜும் இருந்தார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு சிவநேசன் பெட்டியை ஹால் நடுவில் வைத்து மூடியைத் திறந்தார். "இந்தா லோகா, பாரு" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

மீன் நாற்றம் ஹாலில் பரவியது. லோகேஸ்வரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அப்போதுதான் அவர் பார்த்தார். மஞ்சள் சேலை. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. சாமி படத்துக்கு முன்னால் துலக்கி வைத்த பால்குடம். மறுநாள் பங்குனி உத்திரம். அவள் காப்புக் கட்டி விரதம் இருக்கிறாள், அந்த வீட்டு அடுப்பில் எத்தனையோ நாளாக ஒரு முட்டைகூட வேகவில்லை. அதே கூரைக்குக் கீழே தூங்கி எழுந்த மனிதருக்கு அது தெரியவில்லை. மைக்ரோஸ்கோப்பில் கீறல் தேடுகிற கண் அது.

"விரத வீட்டுல..." என்று ஆரம்பித்தாள். "யாருக்காக இருக்கேன் தெரியுமா? உங்களுக்காகத்தான். அவகிட்டேருந்து உங்கள மீட்டுக் குடுன்னு முருகன்கிட்ட அழுதுகிட்டு இருக்கேன். நீங்க கவுச்சியத் தூக்கிட்டு வந்து சாமி முன்னாடி வெக்கிறீங்க."

"நீ நம்பணும்னுதான் லோகா..."

"பாலிங் பசார்ல ஐஸ் போட்டு விக்கிறானுங்க," என்றார் மோகனராஜ். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார். "வாங்கிட்டு வந்துட்டாரு. என்ன மாப்ள, நான் சொன்னதுக்காக இப்படியா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்குகூட மிஞ்சவில்லை. சிவநேசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். எதிர்வீட்டு ஹபீபா பீவி சத்தம் கேட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகன் நடத்துகிற சாப்பாட்டுக் கடைக்கு மசாலா அரைத்துக் கொடுக்கிற பெரியம்மா. அவரிடம் மீனைக் கொடுத்தார்.

"இம்மாம் பெரிய மீனா? உங்க வூட்டுக்கு வேணாமா தம்பி?"

"எங்க வீட்டுல விரதம்க்கா," என்றார். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. உள்ளே லோகேஸ்வரி மஞ்சள் தண்ணீர் தெளித்து ஹாலைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் அவள் பால்குடம் எடுத்தாள். சிவநேசன் கோயில் சாலையில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். தலையில் குடத்தோடு, வெறுங்காலோடு, சுடுகிற தாரில் அவள் நடந்து போனாள். அவரைக் கடந்துதான் போனாள்.

விரதம் முடிந்த மறுநாள் மாலை. லோகேஸ்வரி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சிவநேசன் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஹபீபா பீவி உள்ளே வந்து, கையில் மடித்து வைத்திருந்த டிஷ்யூவைத் தையல் பலகை மேல் பிரித்து வைத்தார்.

"இது அந்த மீனு வாயில இருந்திச்சு புள்ள. தலய வெட்டுறப்ப கையில குத்திடிச்சு. நல்ல வேள, கறியில போவல. என்னமோ இறகு, நூலுன்னு சுத்தி அழகா கட்டியிருக்கு. தம்பியோடதுதானே? வச்சுக்கட்டும்."

ஹபீபா பீவி போன பிறகு லோகேஸ்வரி அந்த ஊசியை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். மயிலிறகின் பச்சை இழை. அதைச் சுற்றி அரக்கு நிற நூல். காமினியின் ரவிக்கைக்காக அவளே கடை கடையாக ஏறி இறங்கித் தேடி வாங்கிய நூல். தைக்கிறவளுக்குத் தன் நூல் தெரியாமல் போகுமா? முனையில் சிவப்பாக ஒரு பொட்டு காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். சிவப்பு உரிந்து வந்தது.

சிவநேசன் கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

"அப்ப மீனுதானா?" என்றாள்.

"மீனுதான் லோகா."

"வேற யாரும் இல்ல."

"யாரும் இல்ல. நான்தான் சொன்னேனே."

முடிந்தது, நம்பிவிட்டாள். சிவநேசனுக்கு உடம்பே லேசானது போல இருந்தது. ஒரு மீனின் உயிர் போனாலும் தன் சொல் பிழைத்துவிட்டது என்று நினைத்தார். பக்கத்தில் போய் அவள் தோளைத் தொடலாமா என்று ஓர் அடிகூட எடுத்து வைத்தார்.

"எங்கம்மா செத்த அன்னிக்கு உங்களுக்குப் போன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன்," என்றாள். ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "காமினி டெங்கியில கெடந்தப்பவும் ஞாயித்துக்கெழமதான். நானும் அவளும் ஆஸ்பத்திரில. நீங்க ஆத்துல. மீனு புடிச்சு, அத விட்டுட்டு வர்றதுக்கு."

"லோகா..."

"அந்த நகப்பூச்சுப் பாட்டில பாத்த அன்னிக்கு எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா ஒன்னு வெளங்குன மாதிரியும் இருந்திச்சு. ஓ, ஒருத்தி இருக்கா, அதான் இந்த மனுசன் நம்மகிட்ட ஒட்டலைன்னு. அவ என்னைவிட அழகா இருப்பா, சிரிச்சுப் பேசுவான்னு மனச தேத்திக்கிட்டேன். அவகிட்டேருந்து மீட்டுக் குடுன்னு சாமிகிட்ட கேக்கவாச்சும் முடிஞ்சுது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் இத்தனை நாள் ஏங்கிய அந்தப் பார்வை அதுதான். "யாருமே இல்லன்னா இப்ப யாருகிட்டேருந்துன்னு கேப்பேன்?"

சிவநேசன் பொய் சொல்லத் தெரிந்த மனிதராக இருந்திருந்தால், ஆமாம் ஒருத்தி இருந்தாள், விட்டுவிட்டேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அது அவளுக்கு இதைவிட ஆறுதலாக இருந்திருக்கும். லோகேஸ்வரி அந்த ஊசியைக் குண்டூசி குத்தி வைக்கிற பஞ்சில் மற்ற ஊசிகளோடு குத்திவிட்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

அவர் அதன் பிறகு ஆற்றுக்குப் போகவில்லை. கம்பு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஞாயிறுதோறும் வீட்டிலேயே இருக்கிறார், தரையைக் கூட்டுகிறார், தானாகவே காப்பி போட்டுக் குடிக்கிறார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போவது லோகேஸ்வரிதான். விடிந்ததும் குளித்து, அவருக்குச் சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டுக் கிளம்புவாள். கைப்பேசி சமையல்கட்டிலேயே கிடக்கும். இருட்டுகிற நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வருவாள். எங்கே போனாய் என்று கேட்கச் சிவநேசனுக்கு வாய் வருவதில்லை.